வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் வேணுமா? இரண்டு பதில்கள், இரண்டும் பாதி

லைசென்ஸ் முடியப் போகும் மாதத்தில் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும். "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று சொல்லும். மூடினால் மறுநாளும் வரும். அப்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதுக்கு மறுபடியும் காசு கட்டணுமா?

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கணினி விற்பவரும் சர்வீஸ் செய்பவரும் சொல்வது, "கண்டிப்பா போடணும் சார், இல்லேன்னா வைரஸ் வந்துரும்." என் போன்ற மென்பொருள் துறைக்காரர்கள் சொல்வது, "அதெல்லாம் வேண்டாம், நான் பத்து வருஷமா போடல, ஒண்ணும் ஆகல. கண்டதையும் கிளிக் பண்ணாம இருந்தா போதும்."

இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸ் தேவை. ஆனால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்க வலுவான காரணம் இல்லை. "பொது அறிவு போதும்" என்ற பதில் கடைக்காரரின் பதிலைவிட ஆபத்தானது. ஏனென்று பார்ப்போம்.

முதலில், அந்த மென்பொருள் என்னதான் செய்கிறது?

ஒரு கோப்பு கணினிக்குள் வரும்போதும் திறக்கப்படும்போதும் ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கிறது. பழைய முறை அடையாள முறை. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸின் பைட் வரிசையை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, புதிய கோப்பில் அது இருக்கிறதா என்று தேடுவது. போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் பழைய திருடர்கள் போட்டோ மாதிரி. புதுத் திருடனை அந்தப் பலகை பிடிக்காது. அதனால் பிற்பாடு நடத்தையைப் பார்க்கும் முறை வந்தது. ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து மாற்றி எழுதுகிறதா, பிரவுசர் சேமித்த பாஸ்வேர்டுகளைப் படிக்கிறதா என்று கவனிப்பது. இப்போது மூன்றாவதாக, சந்தேகமான கோப்பின் விவரத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, உலகில் வேறு எங்காவது இது வந்திருக்கிறதா என்று கேட்கும் முறையும் சேர்ந்திருக்கிறது.

மூன்றையும் சேர்த்தாலும் முழுமையான ஆன்டிவைரஸ் சாத்தியம் இல்லை. இது அனுபவத்தில் சொல்வது அல்ல, கணித முடிவு. அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபிரெட் கோஹென் 1984-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைக் காட்டிவிட்டார். வாதம் எளிமையானது. எந்த நிரலைக் கொடுத்தாலும் "இது வைரஸா இல்லையா" என்று தவறாமல் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது அந்தச் சோதனையையே தன் மீது ஓட்டிப் பார்க்கும். "வைரஸ்" என்று பதில் வந்தால் சும்மா இருக்கும், "வைரஸ் இல்லை" என்று வந்தால் பரவும். சோதனை எந்தப் பதில் சொன்னாலும் அது தப்பு. ஆக, அப்படி ஒரு சோதனை இருக்கவே முடியாது.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய பாடம்: ஒவ்வொரு ஆன்டிவைரஸும் சிலதைத் தவறவிடும், சில நல்ல கோப்புகளைக் கெட்டது என்று சொல்லும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். "100% பாதுகாப்பு" என்று அட்டையில் போட்டிருந்தால் அது விளம்பர வாசகம், அவ்வளவுதான்.

கடைக்காரரின் பதில் எங்கிருந்து வந்தது?

அவரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரி.

பி.சி.களில் பரவலாகப் பரவிய முதல் வைரஸாகச் சொல்லப்படும் "பிரெய்ன்" 1986-இல் லாகூரில் பிறந்தது. ஃபிளாப்பி வழியாகப் பரவியது. எழுதிய சகோதரர்கள் இருவரும் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு அப்பாவிக் காலம். 1992 மார்ச் 6 அன்று "மைக்கலாஞ்சலோ" வைரஸ் 50 லட்சம் கணினிகள் வரை அழிக்கலாம் என்று ஜான் மெக்காஃபி சொன்னார். உலகமே பயந்து ஆன்டிவைரஸ் வாங்கியது. உண்மையில் பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில்தான். இந்தத் துறையின் விற்பனைக்கும் பயத்துக்கும் உள்ள உறவு அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் அதன் பிறகு வந்தது வெறும் பயம் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்துவிட்டு நீங்கள் எதையும் தொடாமல் இருந்தாலே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் உள்ளே வந்தது. அடுத்து பென் டிரைவ் காலம். பிரவுசிங் சென்டரில் ஒரு பிரிண்ட் அவுட் எடுத்துவிட்டு வந்தால் பென் டிரைவில் கூடவே ஒரு ஆட்டோரன் கோப்பும் வரும். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் நெட்வொர்க் வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. விண்டோஸோடு ஆன்டிவைரஸ் எதுவும் அப்போது வரவில்லை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம்மூர் நிறுவனங்கள் வளர்ந்ததற்கு அந்தக் காலத்தின் தேவை உண்மையானது என்பதுதான் காரணம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவர் ஆன்டிவைரஸ் சிடியையும் சேர்த்துக் கொடுத்தார் என்றால் அவர் நல்லது செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவ் ஆட்டோரனை அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் டிஃபெண்டர் ஒரு முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வந்தது. பிரவுசர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கூண்டில் அடைத்து இயக்கப் பழகின. பாதிப் பிரச்சினைக்குக் காரணமான ஃபிளாஷ் 2020-உடன் முடிந்தது. வைரஸ்கள் வந்த பழைய சாலைகளில் பெரும்பாலானவற்றை அடைத்தது இயங்குதளமும் பிரவுசரும்தான். கடைக்காரரின் பதில் மட்டும் 2008-லேயே நின்றுவிட்டது.

99.9% என்றால் என்ன?

"ஓசியில வர்றது ஓசி மாதிரிதான் சார் இருக்கும்" என்பது அடுத்த வாதம். இதற்கும் ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் 2012 கடைசியில் நடத்திய சோதனையில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் சான்றிதழே வாங்கவில்லை. ஆனால் 2019-இல் அதே ஆய்வகத்தில் டிஃபெண்டர் 18-க்கு 18 வாங்கியது. அப்புறமும் முன்வரிசையிலேயே இருந்து வருகிறது.

இங்கே அந்த எண்களையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஆய்வகங்கள் நேர்மையாக வேலை செய்தாலும், நாம் அந்த எண்ணைப் படிக்கும் விதம் தப்பு. ஒரு சோதனையில் 400 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 100%, இன்னொன்று 99.5%. வித்தியாசம் இரண்டே இரண்டு மாதிரிகள். அடுத்த மாதம் வேறு 400 எடுத்தால் வரிசை மாறிவிடும். ஒரு வீட்டுக் கணினி வருஷத்துக்கு எத்தனை மால்வேரைச் சந்திக்கும்? கை விரல்களில் எண்ணலாம். அந்தச் சில சந்திப்புகளில் அரை சதவீத வித்தியாசம் உங்களுக்கு என்ன செய்துவிடும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனைக்கு வருவது உங்கள் வீட்டுக்கு வருவதுதானா? 2015-இல் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ், வைரஸ் புல்லட்டின் மூன்றும் சேர்ந்து சீனாவின் சீஹூ 360 நிறுவனத்துக்கு அந்த ஆண்டு கொடுத்த தரவரிசைகளை ரத்து செய்தன. சோதனைக்கு அனுப்பிய பதிப்பில் ஒரு இன்ஜின் இயங்கியது, பொதுமக்களுக்குக் கொடுத்த பதிப்பில் வேறு இன்ஜின் இயங்கியது. எல்லா நிறுவனங்களும் இப்படி என்று சொல்ல வரவில்லை. மதிப்பெண்ணே விளம்பரமாகும் இடத்தில், மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் மாணவர்கள் வரத்தான் செய்வார்கள்.

காவல்காரனுக்கும் ஒரு செலவு உண்டு

"சரி, கூடுதலா ஒண்ணு இருந்தா நல்லதுதானே, கெட்டதா?" என்று கேட்கலாம். இங்கேதான் பொதுவாகப் பேசப்படாத பக்கம் இருக்கிறது.

ஆன்டிவைரஸின் வேலை என்ன என்று மறுபடி யோசியுங்கள். முன்பின் தெரியாத, விஷமாக இருக்கக்கூடிய ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிப், ஆர்ஏஆர், பிடிஎஃப் என்று எத்தனையோ வடிவங்கள். ஒவ்வொன்றையும் பிரிக்கும் நிரலில் பிழை இருக்கலாம். அந்த நிரல் ஓடுவதோ கணினியின் உச்ச அதிகாரத்தில். 2016 ஜூனில் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி, சிமான்டெக், நார்ட்டன் பொருட்களில் இப்படிப்பட்ட ஓட்டைகளை வெளியிட்டார். சுருக்கிய கோப்பைப் பிரிக்கும் வேலையை அவை விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே செய்தன. ஒரு மின்னஞ்சலை நீங்கள் திறக்கக்கூட வேண்டாம், அது வந்து சேர்ந்தாலே போதும். ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கத் தொடும், அங்கேயே கதவு திறந்துவிடும். கூடவே, அவர்கள் பயன்படுத்திய சில ஓப்பன் சோர்ஸ் நிரல்கள் ஏழு வருஷமாக அப்டேட் செய்யப்படாதவை என்பதும் வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் அப்டேட் பண்ணு என்று சொன்னவர்கள்!

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், 2017 மே மாதம் அதே குழு மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் இன்ஜினிலும் இதே வகை ஓட்டையைக் கண்டுபிடித்தது. அது சில நாட்களிலேயே சரி செய்யப்பட்டது. ஆக யாரும் உத்தமர் இல்லை. ஒரு காவல்காரன் என்றாலே ஒரு புதுக் கதவு.

இரண்டாவது செலவு நம்பிக்கை. எல்லாக் கோப்பையும், நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்தையும் பார்க்க அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பதற்குச் சில உதாரணங்கள்:

- அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.
- நார்ட்டன் 360-இல் 2021-இல் கிரிப்டோ மைனிங் வசதி சேர்க்கப்பட்டது. பயனர் விரும்பினால்தான் ஓடும், உண்மை. ஆனால் கிடைப்பதில் 15% நிறுவனத்துக்கு. கணினியின் சக்தியைத் திருடும் மைனரைப் பிடிப்பதற்குத்தானே நாம் இதை வாங்கினோம்?
- 2024 செப்டம்பரில், அமெரிக்கத் தடைக்குப் பிறகு, அங்கிருந்த கேஸ்பர்ஸ்கி பயனர்கள் பலரின் கணினியில் அது தானாகவே விலகி, அல்ட்ராஏவி என்ற வேறொரு பொருள் வந்து உட்கார்ந்திருந்தது.
- 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் மிக முக்கியமான ஒரு சிஸ்டம் கோப்பையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன.

டிஃபெண்டர் விஷயத்தில் இந்தச் செலவு கொஞ்சம் குறைவு. மைக்ரோசாஃப்ட் நல்லவர்கள் என்பதால் அல்ல. விண்டோஸ் பயன்படுத்தும்போதே அவர்களை நம்பியாகிவிட்டது. இன்னொருவரையும் கூடுதலாக நம்ப வேண்டியதில்லை, அதுதான் காரணம்.

இப்போது எங்கள் ஆட்களின் பதில்

"நான் பத்து வருஷமா ஆன்டிவைரஸ் போடல, ஒண்ணும் ஆகல." இந்த வாக்கியத்தில் மூன்று ஓட்டைகள்.

முதல் ஓட்டை: போடவில்லை என்று சொல்பவரின் விண்டோஸில் டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் போடாமல் வேலை செய்வதால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது: ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? பழைய வைரஸ் திரையில் படம் காட்டும், எழுத்துகள் உதிரும். இன்றைய திருட்டு நிரல்கள் சில நிமிடங்களில் பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கணினி வேகம்கூடக் குறையாது. லுமா என்ற அத்தகைய ஒரு நிரல் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு மாதமும் "ஒண்ணும் ஆகல" என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். பொது அறிவு ஒரு ஆளுக்குரியது, வீட்டுக் கணினி ஒரு குடும்பத்துக்குரியது. அதே கணினியில் பையன் கேமுக்கு மோட் தேடுவான், பெண் காலேஜ் பிராஜெக்ட்டுக்கு ஏதாவது டவுன்லோட் செய்வாள், அப்பா பென்ஷன் சான்றிதழ் எடுப்பார். "கண்டதையும் கிளிக் பண்ணாதே" என்ற அறிவுரையில் "கண்டது" எது என்று தெரிவதற்கே பல வருஷ அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் இருப்பவர், அது இல்லாதவருக்கு அதையே மருந்தாக எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

அனுபவசாலிக்கும் அது போதாது. 2017-இல் சிகிளீனரின் ஒரு பதிப்பு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே, சரியான டிஜிட்டல் கையொப்பத்தோடு, உள்ளே தீங்கு நிரலுடன் ஒரு மாதம் கிடைத்தது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை நிறுவினார்கள். அவர்கள் யாரும் முட்டாள்தனமாக எதையும் கிளிக் செய்யவில்லை. (ஆன்டிவைரஸ்களும் முதலில் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் விஷயம் வெளியே வந்ததும் அவை அடையாளத்தைச் சேர்த்துக்கொண்டன. பொது அறிவுக்கு அப்படி ஓர் அப்டேட் கிடையாது.) அதே வருஷம் மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை கிளிக்குக்கே காத்திருக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கணினிக்கு வந்தால் பக்கத்துக் கணினிக்குத் தானே போனது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

கிராக்: இரண்டு பதில்களும் தோற்கும் இடம்

வீட்டுக் கணினிகளை உண்மையில் எது அழிக்கிறது என்று பார்த்தால், நம் ஊரில் கட்டாயம் பேச வேண்டியது கிராக். ஃபோட்டோஷாப், ஆபீஸ், கேம் எதுவானாலும் காசு கொடுக்காமல் திறக்கும் சாவி.

ஸ்டாப், டிஜேவு என்ற பெயர்களில் அறியப்பட்ட ரேன்சம்வேர் குடும்பம் குறிவைத்தது பெரிய நிறுவனங்களை அல்ல, வீடுகளை. பரவியது பெரும்பாலும் கிராக் தளங்கள் வழியாக. ஓடத் தொடங்கியதும் போலியான ஒரு விண்டோஸ் அப்டேட் திரையைக் காட்டும். டிஸ்க் விளக்கு ஏன் எரிகிறது என்று நீங்கள் சந்தேகப்படாமல் இருக்க. அதற்குள் போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாம் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி விலை, 490. தள்ளுபடி வேறு. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசமாகத் திறக்கும் கருவி வெளியிட்டது. பிறகு வந்த வகைகளில் பூட்டு பலமானது. ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி போடப்பட்டிருந்தால் இன்றுவரை திறக்க வழியில்லை. கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் வருஷ வீடியோவும் போனது போனதுதான்.

ஆன்டிவைரஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். கிராக்கோடு வரும் குறிப்பிலேயே முதல் வரி, "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்." பயனரே நிறுத்திவிடுகிறார். டிஃபெண்டரானாலும் சரி, காசு கொடுத்து வாங்கியதானாலும் சரி, அணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

ஏன் நிறுத்துகிறார்? பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பங்கும் இதில் உண்டு. லைசென்ஸை ஏமாற்றும் கருவி எதுவாக இருந்தாலும் அது "ஹேக்டூல்" என்ற வகையில் சேர்க்கப்பட்டு, சிவப்புப் பெட்டி வரும். உள்ளே திருட்டு நிரல் இருந்தாலும் சிவப்புப் பெட்டி வரும். லைசென்ஸ் மீறல் வேறு, உங்கள் பாஸ்வேர்டு போவது வேறு. சாதாரணப் பயனரின் கண்ணுக்கு இரண்டு எச்சரிக்கையும் ஒரே மாதிரிதான். நாலு முறை சிவப்பு வந்து ஒன்றும் ஆகவில்லை என்றால், ஐந்தாம் முறை யார் பார்ப்பார்கள்? "புலி வருது" கதைதான். போதாக்குறைக்கு லைசென்ஸ் முடிகிறது என்ற வியாபாரச் செய்தியையும் அதே சிவப்புப் பெட்டியிலேயே காட்டிப் பழக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறை மீதான மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான். எச்சரிக்கையின் மதிப்பை அவர்களே குறைத்துவிட்டார்கள்.

அடிக்கடி தப்பாகக் காட்டப்படும் ஓர் ஆய்வு

2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் பாதுகாப்பு நிபுணர்களிடமும் சாதாரணப் பயனர்களிடமும், பாதுகாப்பாக இருக்க நீங்கள் செய்யும் முக்கியமான மூன்று விஷயங்கள் எவை என்று கேட்டார்கள். சாதாரணப் பயனர்களில் 42% பேர் ஆன்டிவைரஸைச் சொன்னார்கள், நிபுணர்களில் 7% மட்டும். அப்டேட் போடுவதை நிபுணர்களில் 35% சொன்னார்கள், சாதாரணப் பயனர்களில் வெறும் 2%.

இதை வைத்து "நிபுணர்கள் 93% பேர் ஆன்டிவைரஸ் போடுவதில்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தப்பான வாசிப்பு. கேள்வி முதல் மூன்றைப் பற்றியது, பயன்படுத்துகிறீர்களா என்பதைப் பற்றியது அல்ல. நிபுணர் செய்வதெல்லாம் வீட்டுப் பயனருக்குப் பொருந்தும் என்றும் இல்லை. ஆனால் 35-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி நம்மை யோசிக்க வைக்க வேண்டும். வான்னாக்ரையைத் தடுத்திருக்கக்கூடியது, கான்ஃபிக்கரைத் தடுத்திருக்கக்கூடியது, இரண்டுமே முன்கூட்டியே வந்த அப்டேட். மக்கள் கவலைப்படுவது ஒன்றைப் பற்றி, காப்பாற்றுவது இன்னொன்று.

எந்த ஆன்டிவைரஸும் பார்க்க முடியாதது

இன்று வீடுகளில் பணம் போகும் வழி பெரும்பாலும் வைரஸ் இல்லை. "பேங்க்ல இருந்து பேசறோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்லி எனிடெஸ்க் போட வைப்பது. எனிடெஸ்க் ஒரு நேர்மையான மென்பொருள், அலுவலகங்களில் தினமும் பயன்படுவது. ஆன்டிவைரஸ் அதை ஏன் தடுக்கப் போகிறது? ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இது பற்றி எச்சரித்தது. "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடியில் மென்பொருளே தேவையில்லை, ஒரு வீடியோ கால் போதும். புதிதாக ஒன்று: "நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டுங்கள்" என்று ஒரு தளம் கேட்கும். லுமா பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. பயனரே தன் கையால் கட்டளையை ஓட்டுகிறார்.

"டோட்டல் செக்யூரிட்டி" என்ற பெயர் போட்ட பெட்டியை வாங்கியவர், இதெல்லாவற்றிலிருந்தும் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கைக்குத்தான் உண்மையில் விலை போடுகிறார்கள்.

சரி, என்னதான் செய்யறது?

சுருக்கமாக:

1. விண்டோஸ் 10, 11 என்றால் டிஃபெண்டர் ஓடுகிறதா என்று "விண்டோஸ் செக்யூரிட்டி"யில் பாருங்கள். லேப்டாப்போடு வந்து லைசென்ஸ் முடிந்த ஆன்டிவைரஸ் கிடந்தால் அதை முழுதாக நீக்குங்கள். எதற்காகவும் டிஃபெண்டரை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்லும் எந்த இன்ஸ்டாலரும் வேண்டாம்.
2. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம், இல்லையென்றால் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறலாம். ஓட்டை அடைக்கப்படாத இயங்குதளத்தின் மேல் எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் அது ஓட்டுப்போட்ட கூரைக்குக் குடை பிடிப்பது மாதிரி.
3. ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த பணத்தை நாலைந்து வருஷம் சேர்த்தால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வந்துவிடும். அதில் போட்டோக்களைப் பேக்கப் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டும்.
4. தினசரி வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத ஒரு கணக்கு. பிள்ளைகளுக்குக் கட்டாயம்.
5. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு.
6. பணம் போய்விட்டால் உடனே 1930. அந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. அதற்குள்ளும் எக்ஸ்புரொடெக்ட் என்ற ஆன்டிவைரஸ் சத்தமில்லாமல் இருக்கிறது. "மேக்குக்கு வைரஸே வராது" என்பது 2012-இல் ஃபிளாஷ்பேக் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தபோதே முடிந்துபோன கதை.

காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்தவர் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, போன் மூலம் கிடைக்கும் உதவி, இப்படி ஏதாவது ஒன்று உங்களுக்குப் பயன்படுகிறது என்றால் அதற்காக வாங்கலாம். வைரஸ் பயத்துக்காக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இந்த முடிவு எப்போது மாறும்?

எந்த முடிவுக்கும் காலாவதித் தேதி உண்டு. கடைக்காரரின் பதில் அப்படித்தான் பழசானது. அதனால் என் முடிவு எப்போது பழசாகும் என்பதையும் எழுதி வைக்கிறேன். 2012-இல் நடந்த மாதிரி, டிஃபெண்டர் தொடர்ந்து பல சோதனைகளில் கீழே விழுந்தால். மைக்ரோசாஃப்ட் அதன் முக்கியமான பகுதிகளைச் சந்தாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால். அல்லது அவாஸ்ட் செய்ததை அவர்களும் செய்தார்கள் என்று தெரிய வந்தால். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் மேலே உள்ள முதல் அறிவுரையை அழித்துவிட்டு யோசிக்க வேண்டும். மற்ற ஐந்தும் அப்போதும் அப்படியே இருக்கும்.